குரங்கு வராத வராண்டா

7

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஆபீஸ் படியேறி வந்த முத்துராஜ் அண்ணாச்சிக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. காலையில் ஐந்தும் இருந்தன. அந்தக் கையால்தான் என்னிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

"கேட்டைப் பூட்டு லே பென்னி!"

அக்கா கத்திய வேகத்தில் பூட்டினேன். அடுத்த நொடி இரும்புக் கம்பியில் அரிவாள் விழுந்தது. என் மூக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். மூக்கு பரம்பரைச் சொத்து. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அரிவாளைப் பார்த்ததும் போய்விட்டது.

கம்பிக்கு அந்தப் பக்கம் பிரின்ஸ் நின்றான். இருபத்தாறு வயது. சட்டை முழுக்க ரத்தம், ஒரு சொட்டுகூட அவனுடையது இல்லை.

"அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் கெடையாது. அவன மட்டும் வெளிய தள்ளுங்க. எங்க அக்கா தலைய ஒடச்சவன் கைய எடுத்தாச்சு. மிச்சத்தையும் எடுத்துட்டுப் போறேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது மேலகரத்தில் பரோட்டாக் கடை மாடி. துப்பறிவது இசக்கிசெல்வி அக்கா. பதினோரு வருடம் அரசாங்கப் புள்ளியியல் வேலையில் வயல் வயலாக நெல் மகசூல் அளந்தவள். வயலை எட்டிக்கூடப் பார்க்காமல் டீக்கடையில் உட்கார்ந்து மகசூல் எழுதிக் கொடுத்தவர்களை, எழுதின எண்களைப் பார்த்தே பிடித்தவள். ஆட்டோ ஓட்டுவது, அடி வாங்குவது, வாய் பேசுவது மூன்றும் என் இலாகா.

பிரின்ஸின் அக்கா சுஜிதா, என்ஜினீயரிங் காலேஜில் ஆராய்ச்சி மாணவி. புதன்கிழமை ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ் அறையில் தலை நொறுங்கிக் கிடந்தாள். அன்று அந்த மாடிக்குப் போனது முத்துராஜ் ஒருவர்தான் என்று கேமரா கணக்கு சொல்கிறதாம். முத்துராஜ் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். போலீஸ் விசாரித்துவிட்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தது. ஊர் விசாரிக்கவில்லை, முடிவு கட்டிவிட்டது.

அக்கா கம்பியருகே போய் நின்றாள். அரிவாள் நீளத்துக்குள்தான் நின்றாள்.

"பிரின்ஸ், மூணரை வரைக்கும் டைம் குடு. அவருதான் செஞ்சாருன்னா சாவிய நானே உன் கையில தாரேன்."

"பேச்சு மாற மாட்டியளே?"

"மாற மாட்டேன்."

"மூணரை. அதுக்கு மேல இந்தப் பூட்டு தாங்காது. அதுவரைக்கும் யாரும் இவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்தா டிரைவரையும் வெட்டுவேன்."

அவன் படியிலேயே உட்கார்ந்து அரிவாளை மடியில் வைத்துக்கொண்டான். நான் போலீஸுக்குப் போன் போட்டேன். அருவியில் வெள்ளம் ஏறிவிட்டது, கூட்டத்தை வெளியேற்ற எல்லோரும் அங்கே நிற்கிறார்கள், ஆளை அனுப்புகிறோம் என்றார்கள்.

முத்துராஜ் சுவரில் சாய்ந்து, இடது கட்டை விரலால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு சிவந்து ஊறிப்போயிருந்தது.

"நரம்பு எங்கன ஓடுதுன்னு எனக்குத் தெரியும் தாயி. அழுத்திக்கிட்டிருந்தா சாவ மாட்டேன். ஆனா இந்த விரலுக்கு ரொம்ப நேரம் பெலம் நிக்காது."

"விரலு ரெண்டும் எங்கவே?" என்று கேட்டேன்.

"படியிலதான் விழுந்துச்சு. அந்தத் தம்பி உக்காந்திருக்க எடத்துல கெடக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பின்பக்கம் பரோட்டாக் கடையின் தகரக் கூரை இருக்கிறது. ஒரு கையும் பாதி ரத்தமும் இல்லாத மனிதரை அதில் இறக்க முடியாது. நாங்கள் இறங்கினோம். அக்கா பூனை மாதிரி இறங்கினாள். நான் தகரத்தோடு சேர்ந்து இறங்கினேன்.

ஆட்டோவில் போகும்போது அக்கா ஒரு தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். அவருக்காக அக்கா வக்கீல் மூலம் வாங்கின கேமரா கணக்கின் நகல் அது. முத்துராஜின் உயிர் அந்தத் தாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பற்றி அக்கா எனக்குச் சொன்னது இவ்வளவுதான். லாட்ஜ் வராண்டாவில் கேமரா மாட்டி சுஜிதா அளந்தது படத்தை இல்லை, படத்தின் எடையை. கேமராவுக்கு எதிரே ஒன்றும் அசையவில்லை என்றால் நெட்வொர்க்கில் அது அனுப்ப வேண்டியது கொஞ்சம். ஆள் நடந்தால் அனுப்புவது கூடும். அறையில் இருந்த பதிவுப் பெட்டியைக் கொலைகாரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஆனால் வராண்டா கேமராவின் எடை மட்டும் நிமிடத்துக்கு ஓர் எண்ணாகக் காலேஜ் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நூற்றிருபது எண்கள். எல்லாம் தூங்கி வழிகின்றன. இரண்டு நாற்பதுக்கு மட்டும் ஓர் எழுச்சி. லாட்ஜ் நோட்டில் முத்துராஜ் மாடிக்குப் போனதாக எழுதியிருக்கும் நேரமும் அதேதான்.

"தூங்குத கணக்குல என்னத்தக்கா பாக்கிய?"

"ரொம்ப நல்லாத் தூங்குது லே. அதான் இடிக்குது. டீக்கடையில உக்காந்து எழுதுன மகசூல் இப்படித்தான் இருக்கும்."

சாரல் முகத்தில் அடித்தது. எதிரே ஈரத்துணியோடு கூட்டம் கூட்டமாக ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நான் ஹாரனில் கையை வைத்தவன் லாட்ஜ் வாசலில்தான் எடுத்தேன்.

மாடி வராண்டாவில் நான் ஏறி நின்றதும் ஒரு குரங்கு என் சட்டைப்பையில் கையை விட்டு பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று அக்காவின் தாளை எட்டிப் பார்த்தது. அக்கா அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி மேனேஜர் குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இங்கன கொரங்கு எம்புட்டு நேரத்துக்கு ஒரு தரம் வரும்?"

"வருததா? அதுக இங்கனதானம்மா குடியிருக்கு. நாமதான் வந்துட்டு வந்துட்டுப் போறோம்."

"புதன்கிழமை மத்தியானம்?"

"அன்னைக்குத்தான அந்தக் கூத்து! சரியா மூணு மணி. எட்டாம் நம்பர் ரூம் ஆளு காயப்போட்ட வேட்டிய ஒண்ணு தூக்கிருச்சு. ஒரு பட்டாளமே இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடுது. கம்ப எடுத்துக்கிட்டு நானும் பின்னால ஓடுதேன். கால் மணி நேரம்! அந்தப் புள்ள ரூம் சாத்தியிருந்துச்சு. உள்ள செத்துக் கெடக்குதுன்னு கண்டேனா பாவி."

அக்கா தாளில் மூன்று மணிக்கு நேரே விரலை வைத்துக் காட்டினாள். அந்தத் தாளின்படி மூன்று மணிக்கு வராண்டாவில் ஓர் ஈகூடப் பறக்கவில்லை.

"அப்ப இது அளந்த கணக்கு இல்ல. எவனோ எழுதுன கணக்கு."

"கொரங்கே இல்லாத குத்தாலமா?" என்றேன். "டூரிஸ்ட் நோட்டீஸுலகூட இப்படிப் பொய் போட மாட்டாங்க."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, மணியைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தைந்து.

சுஜிதாவின் அறை திறந்திருந்தது. தரையில் ரத்தத்தைக் கழுவியிருந்தார்கள், ஆனால் ஓடு இடுக்குகளில் கறுப்பாக நின்றது. சுவரில் இடுப்பு உயரத்தில் தெறித்த கோடுகள். இடுப்பு உயரம் என்றால், அவள் விழுந்த பிறகும் அடித்திருக்கிறான்.

உள்ளே ஒரு பையன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வயது இருபத்தெட்டு இருக்கும், மூக்குக்கண்ணாடி, அழுது சிவந்த கண்கள். மணிகண்டபிரபு, சுஜிதாவோடு ஆராய்ச்சி செய்தவன். காலேஜ் சாமான்களை எடுக்கப் போலீஸ் அனுமதியோடு வந்திருந்தான்.

அக்கா அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் கணக்க மாத்தணும்னா காலேஜ் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு வேணும் மேடம். அது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கு. அப்புறம் எங்க கிங்ஸ்லி சாருக்கு."

பேராசிரியர் கிங்ஸ்லியைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். போன வருடம் இவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ எடை எப்படி ஏறி இறங்கும் என்பதற்கு ஒரு சூத்திரம். அதை ஓட்டினால் கேமராவே இல்லாமல் நிஜம் மாதிரியே எண்கள் கொட்டும். எழுதியவர்கள் மூன்று பேர். முதல் பெயர் கிங்ஸ்லி, அடுத்தது சுஜிதா, கடைசியில் மணிகண்டபிரபு.

"ஒரு வரி எழுதாம மொதப் பேரு போட்டவருல்லா!" என்றேன். "அக்கா, வண்டிய காலேஜுக்கு விடுதேன். பேராசிரியரு கன்னத்துல என் பேரையும் எழுதிட்டு வாரேன்."

மணிகண்டபிரபு தலையைக் குனிந்துகொண்டான். "சார் மேல பழி சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா சுஜிதா இந்தக் கட்டுரைய பத்தி சாரோட சண்டை போட்டா. அது உண்மை."

"இந்தப் போலிக் கணக்க எப்படி எழுதியிருப்பாரு தம்பி? ஒரு மாஜிஸ்திரேட்டுக்குப் புரியணும். ஓட்டிக் காட்ட முடியுமா?"

"ரெண்டு நிமிஷம் மேடம்." அவன் சுறுசுறுப்பாகிவிட்டான். லேப்டாப்பைத் திறந்து எதையோ அழுத்தினான். திரையில் எண்கள் மழையாக இறங்கின. "பாத்தியளா? வராண்டா சும்மா கெடக்க மாதிரி நூத்திருபது நிமிஷம். இவ்வளவு ஈஸி."

அக்கா தாளை என்னிடம் நீட்டினாள். "மேல இருந்து வாசி லே."

"இருநூத்திப் பன்னெண்டு."

அக்கா திரையைப் பார்த்தாள். "இருநூத்திப் பன்னெண்டு."

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"இருநூத்தி அம்பத்தொண்ணு."

"இருநூத்தி அம்பத்தொண்ணு."

ஐந்தாவது எண்ணும் ஒத்துப்போனது. பத்தாவது எண்ணில் மணிகண்டபிரபுவின் முகத்தில் ரத்தம் இல்லை. இரண்டு நாற்பது வந்தபோது மட்டும் தாளும் திரையும் வேறுவேறாக இருந்தன. அந்த எழுச்சியை மட்டும் லாட்ஜ் நோட்டைப் பார்த்துக் கையால் செருகியிருக்க வேண்டும். அதைத் தாண்டினதும் மறுபடி ஒன்றாகின.

"எப்படிக்கா? தாயக்கட்டைய உருட்டுத மாதிரி ஒவ்வொரு தரமும் வேற வேற நம்பர்லா வரணும்?"

"இவங்க படிப்புல ஒரு பழக்கம் உண்டு. புரோகிராம் மொத வரியில ஒரு தொடக்க எண்ண எழுதி வெச்சிருவாங்க. அந்த எண் மாறாதவரைக்கும் எத்தன தரம் ஓட்டுனாலும் ஒரே வரிசைதான் விழும். அடுத்தவன் ஓட்டிப் பாத்தாலும் அதே பதில் வரணும்லா, அதுக்கு. படிக்கையிலே கைக்கு ஏறிப்போன பழக்கம். கொல பண்ணிட்டு வந்து உக்காந்தப்பவும் கைக்கு மறக்கல."

"அது... அது சாரோட புரோகிராம் மேடம்! கட்டுரையிலேயே போட்டிருக்கு. யாரு ஓட்டுனாலும் இதுதான் வரும்!"

"கட்டுரையில இருக்கத நான் இன்னைக்குக் காலையிலே ஓட்டிப் பாத்துட்டேன் தம்பி. வேற வரிசை வந்துச்சு. ஏன்னு அப்பப் புரியல. இந்த வரிசை உங்க லேப்டாப்புல மட்டுந்தான் வருது. மொத வரியில என்ன எண்?"

அவன் லேப்டாப்பை மூடினான். பேசியபோது குரல் மாறியிருந்தது, மரியாதை காணாமல் போயிருந்தது.

"என் பிளஸ் டூ ரிஜிஸ்டர் நம்பர். ஸ்கூல்ல நான்தான் மொத மார்க்கு. புரோகிராம் முழுக்க நான் எழுதினது. பேரு மூணாவது. நம்பராவது என்னுதா இருக்கட்டும்னு போட்டேன். கட்டுரைய அனுப்பும்போது அவ அதையும் மாத்திட்டா."

"புரோகிராம் நீ எழுதினதுதான். கணக்கும் நீ எழுதினதுதான். குத்தாலத்துல மூணு மாசம் கேமரா வெச்சு அளந்தோம்னு கட்டுரையில இருக்கு. நீ ஒரு நாள்கூட வைக்கல. சுஜிதாவுக்குச் சந்தேகம் வந்து, இங்கன வந்து நெசமாவே கேமரா மாட்டுனா." அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒன் மூணு மாசத்துல ஒரு கொரங்குகூட வரலியே மணின்னு கேட்டாளா?"

"கட்டுரைய வாபஸ் வாங்குவேன்னா!" என்று கத்தினான். "எனக்கு அடுத்த மாசம் வெளிநாட்டு வேலை. எல்லாம் போயிரும்னு தெரிஞ்சும் வாங்குவேன்னா!"

அவன் கை பின்னால் போனதை நான் பார்க்கவில்லை. கேமரா மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டு என் காதோரம் வந்து இறங்கியது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. நான் கட்டிலில் விழுந்து, கட்டிலோடு சரிந்தேன். இரண்டாவது அடி அக்காவின் தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்கு அவன் ஓங்கியபோது நான் அவன் காலைக் கட்டிக்கொண்டு கடித்தேன். ஆமாம், கடித்தேன். வீரம் என்று சொல்ல மாட்டேன், பல்தான் கைவசம் இருந்தது.

அவன் என் முகத்தில் உதைத்துவிட்டு வராண்டாவுக்கு ஓடினான். அக்கா ஒற்றைக் கையோடு பின்னாலேயே போனாள். எட்டாம் நம்பர் கதவோரம் முத்துராஜின் எண்ணெய்க் கேன் இருந்தது. புதன்கிழமை எட்டாம் நம்பர் ஆளுக்குத் தேய்க்க வந்தவர், ஆள் இல்லாததால் வைத்துவிட்டுப் போனது. அக்கா அதை ஓர் எத்து எத்தினாள். எண்ணெய் அவனுக்கு முன்னால் ஓடியது. அவன் படிக்கட்டுக் கைப்பிடியில் வாயைக் கொடுத்து விழுந்தான். முன்பற்கள் மூன்று தரையில் உருண்டன. ஒரு குரங்கு வந்து அதில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

"மணி என்ன லே?"

"மூணு அஞ்சு. போலீஸ கூப்பிடவா?"

"மேலகரத்துக்கு வரச் சொல்லு. இவனத் தூக்கி ஆட்டோவுல போடு."

"அக்கா, அங்கன அரிவாளோட ஒருத்தன் உக்காந்திருக்கான். இவனக் கறிக்கடைக்கு நாமளே ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கு."

"முத்துராஜ் உயிரு அங்கன இருக்கு. ஓட்டு."

வழியெல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து திரும்பும் வேன்கள். என் இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை, வலது காதில் அவன் முனகல் கேட்டது. மேலகரம் வந்தபோது மூன்று இருபத்தெட்டு. மேலே இரும்பு உடைகிற சத்தம். பிரின்ஸின் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தியிருக்க வேண்டும்.

நாங்கள் படியேறுவதற்குள் அவன் முத்துராஜின் முடியைப் பிடித்துக் கேட் வரை இழுத்து வந்துவிட்டான். முத்துராஜ் எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டுமென்றால் மணிக்கட்டை விட வேண்டும், விட்டால் ரத்தம் போய்விடும். அந்த மனிதர் அரிவாளைவிடத் தன் கட்டை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரின்ஸ்!" அக்கா மணிகண்டபிரபுவைப் படியில் முட்டிபோட வைத்தாள். "இவன் வாயால கேளு."

"ஸ்டாண்டால அடிச்சேன்," என்றான் அவன், ரத்தமும் எச்சிலுமாக. "ரெண்டு தரம்."

"செவுத்த நான் பாத்தேன் லே. எத்தன தரம்?" என்றாள் அக்கா.

"...ஏழு."

பிரின்ஸ் முத்துராஜின் முடியை விட்டான். அரிவாளை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். அக்கா நடுவில் போய் நின்றாள். ஒரு தோள் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கால்தான் நகரவில்லை.

"வெலகுங்கக்கா. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுல்லா."

"இன்னைக்கு மத்தியானமும் ஒனக்குத் தெரிஞ்சுதான லே வந்தே?"

அரிவாள் மேலே போனது, அங்கேயே நின்றது. பிரின்ஸ் திரும்பி முத்துராஜின் கையைப் பார்த்தான். அந்தக் கையை அவன் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். அரிவாள் அவன் பிடியிலிருந்து நழுவிப் படிபடியாகத் தட்டிக்கொண்டு கீழே போனது. தெருமுனையில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டது.

அவன் உட்கார்ந்திருந்த படிக்கு மேல் படியில் இரண்டு விரல்கள் கிடந்தன. ஒன்றரை மணி நேரம் அவற்றுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். குனிந்தான். எடுக்க முடியாமல் மறுபடி நிமிர்ந்தான்.

"எடுங்க தம்பி," என்றார் முத்துராஜ் மேலேயிருந்து. குரல் மிகவும் மெலிந்திருந்தது. "ஐஸுல வெச்சுக் கொண்டுபோனா ஒட்ட வெப்பாங்களாம். உங்க அம்மைக்கு இடுப்பு பிடிச்சா இந்த ரெண்டு விரலத்தான கேப்பாவ."

பிரின்ஸ் வாய்விட்டு அழுதான். நான் ஐஸ் வாங்கக் கீழே ஜூஸ் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவன் சட்டையைக் கழற்றி, அந்த விரல்களை அதில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.